நெல் கொள்வனவு நேரத்தில் தரவுத்தளம் காத்து நிற்கிறது: பி-ட்ரீயா, ஸ்கிப் லிஸ்டா, லொக் டேபிளா?

பரந்தன்_சந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நெல் கொள்வனவு மென்பொருளை இப்போது நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முதலில் எழுதியது வேறு ஒரு நிறுவனம், ஆவணம் என்று எதையும் தரவில்லை. சேர்வரில் ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். கொள்வனவு நிலையங்களில் டப்லெட் வைத்திருக்கிறார்கள். விவசாயி உழவு இயந்திரப் பெட்டியில் நெல்லைக் கொண்டுவந்து இறக்க, ஈரப்பதன் பார்த்து, தராசில் ஏற்றி, மூட்டைக் கணக்கையும் கிலோவையும் பதிந்து, பற்றுச்சீட்டு அடித்துக் கொடுப்பார்கள்.

சிறுபோகத்தில் ஒரு கரைச்சலும் இல்லை. மாரிப்போக அறுவடை சூடுபிடித்து, இரணைமடுவின் கீழ் உள்ள வயல்களெல்லாம் ஒரே கிழமையில் வெட்டத் தொடங்கினால், பற்றுச்சீட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு நிமிடக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. வெயிலில் நிற்கிற சனத்துக்கு என்ன பதில் சொல்வது? சேர்வரைப் பார்த்தால் சிபியு சும்மா கிடக்கிறது. டிஸ்கும் அப்படித்தான்.

எங்களுக்குள் இரண்டு கருத்து. பி-ட்ரீ இன்டெக்ஸ்தான் (பற்றுச்சீட்டு இலக்கம் போன்ற சாவிகளை வரிசையாகப் பக்கங்களில் அடுக்கி, மரம் போல வேரிலிருந்து இறங்கித் தேடும் அமைப்பு) இடைஞ்சல், ஸ்கிப் லிஸ்ட் (பல மட்டங்களில் சுட்டிகள் உள்ள வரிசைப் பட்டியல்) வைத்திருக்கும் ரொக்ஸ்டிபி என்ற தரவுத்தளத்துக்கு மாறுவோம் என்கிறார் ஒருவர். இன்டெக்ஸ் அல்ல, லொக்குகளை (ஒருவர் வேலை முடிக்கும் வரை மற்றவரை மறிக்கும் பூட்டுகளை) வைத்திருக்கும் விதம்தான் பிரச்சினை என்கிறார் மற்றவர். ஒரே நேரத்தில் பலர் எழுதும்போது எந்தத் தரவுக் கட்டமைப்பு எதைத் தாங்கும் என்று தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். அறிவியல் நகரில் படிக்கிற பிள்ளைகளும் இங்கே வாசிக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும்.


முறிகண்டி எழுதியது:

தரவை நினைவகத்திலேயே வைக்கும் இன்-மெமரி தரவுத்தளங்களில் வேலை செய்தவன் என்ற வகையில் ஸ்கிப் லிஸ்டுக்காகக் கதைக்கிறேன். பி-ட்ரீயில் ஒரு பக்கம் நிரம்பினால் அதைப் பிளக்க வேண்டும், பிளப்பு மேல் மட்டம் வரை போகலாம், அதுவரை அந்தப் பாதையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். 1990 இல் வில்லியம் பியூ வெளியிட்ட ஸ்கிப் லிஸ்டில் பிளப்பு என்ற கதையே கிடையாது. ஒவ்வொரு கணுவுக்கும் எத்தனை மட்டம் என்பதைக் குலுக்கல் மாதிரித் தீர்மானிக்கிறார்கள். சமநிலைப்படுத்தும் வேலை இல்லை. புதுக் கணுவைச் சேர்க்க, அடி மட்டத்தில், அடுத்த கணு இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு சுட்டியை "பழைய மதிப்பு அப்படியே இருந்தால் மட்டும் மாற்று" என்ற ஒரே சிபியு கட்டளையால் மாற்றினால் போதும். மேல் மட்டங்களை ஆறுதலாக இணைக்கலாம்.

லெவல்டிபி, ரொக்ஸ்டிபி இரண்டும் நினைவகப் பகுதிக்கு இதைத்தான் வைத்திருக்கின்றன. மெம்எஸ்கியூஎல், அதாவது இன்றைய சிங்கிள்ஸ்டோர், லொக் இல்லாத ஸ்கிப் லிஸ்டையே நினைவக அட்டவணைகளின் அடித்தளமாக எடுத்தது. எழுதுபவர்கள் கூடும் இடத்தில் இது பேசப்படத்தான் வேண்டும்.


வவுனிக்குளம் எழுதியது:

பரந்தன் தங்கச்சி, எதையும் மாற்ற முன் ஒருக்கா இதைப் பாருங்கள். நெரிசல் நேரத்தில், எந்த இணைப்பு எதற்குக் காத்திருக்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து, வெயிட்_இவென்ட்_டைப் என்ற நிரலில் "லொக்" என்று நிற்கிறதா, "எல்டபிள்யூலொக்" என்று நிற்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். பாதி விவாதம் அதிலேயே தீரும்.

ஏன் என்றால், ஒரே பெயரில் இரண்டு வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். லாட்ச் என்பது நினைவகத்தில் இருக்கும் ஒரு பக்கத்தை, ஒரு சுட்டியை, அதே நேரத்தில் ஓடும் இன்னொரு திரெட் (வேலை இழை) பாதியில் பார்த்துவிடாமல் காப்பது. பிடித்த வேகத்தில் விட்டுவிடுவார்கள், மைக்ரோசெக்கன் கணக்கு. போஸ்ட்கிரெஸில் எல்டபிள்யூலொக் அந்த வகை. லொக் என்பது ட்ரான்சக்ஷன் ஒன்று (ஒன்றாக முடிய வேண்டிய வேலைத் தொகுதி) ஒரு நிரையைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது. கொமிட் ஆகும் வரை, அதாவது வேலையை முடித்து உறுதிப்படுத்தும் வரை விடாது, அது ஒரு மணித்தியாலம் என்றாலும். லாட்ச் களஞ்சியக் கதவின் கொண்டி, உள்ளே போய் வரும் நேரத்துக்குத்தான். லொக் மூட்டையில் எழுதிய பெயர், காசு கைமாறும் வரை அழியாது.

பி-ட்ரீயா ஸ்கிப் லிஸ்டா என்பது கொண்டியைப் பற்றிய கேள்வி. சிபியு சும்மா கிடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லாட்சுக்காக அடிபட்டால் பொதுவாக சிபியு அப்படிக் கிடக்காது.


மல்லாவி_24 எழுதியது:

அக்கா, அண்ணா, நான் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பி-ட்ரீயில் ஒரு பக்கம் பிளக்கும் நேரத்தில் இன்னொருவர் அதே பக்கத்தில் தேடிக்கொண்டு வந்தால் என்ன நடக்கும்? வேர் முதல் இலை வரை எல்லாவற்றையும் பிடிக்க வேண்டுமா? பாடக் குறிப்பில் "மேலே உள்ளதை விட முன் கீழே உள்ளதைப் பிடி" என்றுதான் இருக்கிறது.


கனகராயன்_ஆறு எழுதியது:

மல்லாவித் தம்பி, நல்ல கேள்வி. உங்கள் குறிப்பில் உள்ளது பாயரும் ஷ்கோல்னிக்கும் 1977 இல் எழுதிய வழி. அதற்குப் பிறகு 1981 இல் லேமன், யாவ் இருவரும் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த யோசனை அதுதான். ஆறுதலாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு விடயங்களைக் கூடுதலாக வைக்கிறார்கள். ஒன்று, வலப்பக்கத்தில் இருக்கும் பக்கத்துக்கு ஒரு சுட்டி. மற்றது, இந்தப் பக்கத்தில் இருக்கக்கூடிய ஆகப் பெரிய சாவி எது என்ற எல்லை.

பற்றுச்சீட்டு இலக்கத்தை வைத்துப் பாருங்கள். ஒரு இலைப் பக்கத்தில் 500 முதல் 600 வரை இருக்கிறது, எல்லை 600. நீங்கள் 580 ஐத் தேடி வருகிறீர்கள். தாய்ப் பக்கத்தில் "இந்தப் பக்கத்துக்குப் போ" என்று வாசித்துவிட்டு, அதை விட்டுவிட்டு, கீழே இறங்குகிறீர்கள். அந்த இடைவெளிக்குள் இன்னொருவர் அந்த இலையைப் பிளந்துவிட்டார். இப்போது இடப் பக்கத்தில் 500 முதல் 550, எல்லை 550. மிச்சம் வலப் பக்கத்தில். தாய்ப் பக்கத்தில் புதுப் பக்கத்தின் பெயர் இன்னும் ஏறவில்லை. நீங்கள் இடப் பக்கத்தில் வந்து நிற்கிறீர்கள், எல்லை 550 என்று தெரிகிறது, உங்களுக்கு வேண்டியது 580. அப்படியானால் நான் வந்த வழியில் ஒரு பிளப்பு நடந்திருக்கிறது என்று விளங்கிவிடும். வலச் சுட்டியைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போனால் 580 கிடைக்கும். யாரையும் கேட்கத் தேவையில்லை, மேலே திரும்பிப் போகவும் தேவையில்லை. தாய்ப் பக்கத்தில் புதுப் பெயரைப் பிளந்தவர் பிறகு எழுதிக்கொள்வார்.

இறங்கும்போது பாதை முழுவதையும் பிடித்து வைத்திருக்க வேண்டாம் என்பதுதான் இதன் பலன். போஸ்ட்கிரெஸின் பி-ட்ரீ இந்த வழியில்தான் எழுதப்பட்டது. அழிப்பதற்கான முறையை லானின், ஷாஷா இருவரின் 1986 ஆம் ஆண்டு வேலையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆக, முறிகண்டி சொன்ன "பாதையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்" என்பது பாடப்புத்தகப் பி-ட்ரீக்குச் சரி. தங்கச்சியின் சேர்வரில் ஓடுகிற பி-ட்ரீக்குப் பொருந்தாது.


முறிகண்டி எழுதியது:

வலச் சுட்டி விடயத்தை ஏற்கிறேன் ஐயா. ஆனால் இலையில் எழுதும்போது அந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரு லாட்ச் வேண்டும்தானே. மைக்ரோசொஃப்ட் ஆட்கள் 2013 இல் கொண்டுவந்த பிடபிள்யூ-ட்ரீ அதையும் எடுத்துவிட்டது. பக்கத்தைத் தொடாமல், மாற்றத்தை ஒரு சிறு குறிப்பாக அதன் முன்னால் தொங்கவிடுகிறார்கள். பக்க இலக்கத்துக்கு எதிரே உள்ள சுட்டியை ஒரே கட்டளையில் மாற்றினால் வேலை முடிந்தது. எஸ்கியூஎல் சேர்வரின் நினைவகப் பகுதியான ஹெகட்டனில் அது நிசமாகவே ஓடுகிறது.


கனகராயன்_ஆறு எழுதியது:

பிடபிள்யூ-ட்ரீ அழகான வடிவமைப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு அடுத்து நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018 இல் கார்னகி மெலன் குழு அதைத் திறந்த மூலமாகத் திரும்ப எழுதி, தங்களால் முடிந்த மட்டும் மெருகேற்றி, மற்றவற்றோடு அளந்தது. லாட்ச் வைத்திருந்த மாஸ்ட்ரீ என்ற மரமும், ஏஆர்டி என்ற ரேடிக்ஸ் மரமும், கவனமாக எழுதிய சாதாரண பி-ட்ரீயும் அதை முந்தின. காரணம் விளங்கக்கூடியதுதான். குறிப்புகள் சங்கிலியாக நீளும்போது வாசிப்பவர் நினைவகத்தில் இங்கும் அங்கும் தாவ வேண்டும். பக்க இலக்க அட்டவணை வழியாக ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றும் இருக்கிறது. "லொக் இல்லை" என்றால் வேலை இல்லை என்று அர்த்தமாகாது, வேலை வேறு இடத்துக்குப் போகிறது.

அந்தப் பந்தயத்தில் முன்னுக்கு நின்றவை செய்த வேலை எளிமையானது. ஒவ்வொரு கணுவிலும் ஒரு பதிப்பு எண். வாசிப்பவர் எதையும் பிடிக்காமல் பதிப்பு எண்ணைப் பார்க்கிறார், கணுவை வாசிக்கிறார், திரும்பப் பதிப்பு எண்ணைப் பார்க்கிறார். மாறியிருந்தால் மறுபடி வாசிக்கிறார். எழுதுபவர் மட்டும் பிடிக்கிறார். வாசிப்பதற்கென்று பிடிக்கும் லாட்ச்கூட நினைவகத்தில் ஓர் எழுத்து வேலை. வேர்க் கணுவை சிபியுவின் எல்லாக் கோர்களும் "வாசிக்க மட்டும்" என்று பிடித்தால், அந்த ஒரு கேஷ் வரி (சிபியுவின் விரைவு நினைவகத்தின் ஒரு துண்டு) கோருக்குக் கோர் பந்தாகப் பறக்கும். பதிப்பு எண் முறையில் வாசிப்பவர் ஒன்றையும் எழுதாததால் அந்தப் பறப்பு நின்றுவிடுகிறது.

ஸ்கிப் லிஸ்டுக்கு வருவோம். லெவல்டிபியின் ஸ்கிப் லிஸ்டில் வாசிப்பவருக்குத்தான் லொக் வேண்டாம். எழுதுபவர்களை வெளியே ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) வரிசைப்படுத்துகிறது. பலர் ஒன்றாக எழுதுவதைப் பிறகு ரொக்ஸ்டிபிதான் சேர்த்தது. ஸ்கிப் லிஸ்டில் ஒரு கணுவிலிருந்து அடுத்ததுக்குப் போக ஒவ்வொரு தடவையும் நினைவகத்தில் தாவ வேண்டும். பி-ட்ரீ பக்கத்தில் நூறு சாவிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். டிஸ்கில் வைக்கும் இன்டெக்ஸுக்கு ஸ்கிப் லிஸ்டை ஒருவரும் தேடிப் போகாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொன்று, இதைத்தான் தங்கச்சி முக்கியமாகப் பார்க்க வேண்டும். ரொக்ஸ்டிபியில் முழு ட்ரான்சக்ஷன் வேண்டும் என்று, முன்கூட்டியே லொக் பிடிக்கும் வகையைத் திறந்தால், அது ஸ்கிப் லிஸ்டுக்கு வெளியே, சாவி வாரியாக லொக் வைக்கும் ஒரு ஹாஷ் டேபிளைத்தான் (சாவியிலிருந்து கணித்து நேரே இடத்துக்குப் போகும் பட்டியல்) கட்டுகிறது. ஸ்கிப் லிஸ்டுக்குப் போனாலும் ஒரே நிரைக்காக அடிபடுபவர்கள் அந்த ஹாஷ் டேபிளின் வாசலில் நின்றே ஆக வேண்டும்.


பரந்தன்_சந்தி எழுதியது:

அக்கா சொன்னதைப் பார்த்துவிட்டு வருகிறேன். முன்பகல் நெரிசலில் எடுத்தேன். எல்டபிள்யூலொக் ஒன்றுகூட இல்லை. எல்லாம் லொக். அதிலும் ஒரு இணைப்பு மட்டும் "ட்ரான்சக்ஷன்ஐடி" என்று நிற்கிறது, அதற்குப் பின்னால் மற்றவை எல்லாம் "டியூப்பிள்" என்று நிற்கின்றன. லொக்கைக் கையில் வைத்திருப்பவரின் நிலை "ஐடில் இன் ட்ரான்சக்ஷன்", அதாவது ட்ரான்சக்ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கிறது.

கோடைத் திறந்து பார்த்தோம். களஞ்சிய இருப்பு என்று ஓர் அட்டவணை, ஒரு களஞ்சியத்துக்கு ஒரு நிரை. விவசாயியின் பக்கத்தைத் திறந்தவுடனேயே அந்த நிரையை ஃபொர் அப்டேட் (மாற்றப்போகிறேன் என்று நிரைக்கு லொக் கேட்கும் கட்டளை) போட்டுப் பிடிக்கிறார்கள், இடம் இருக்கிறதா என்று உறுதிப்படுத்த. பிறகு ஈரப்பதன் மானி, தராசு, மூட்டை எண்ணிக்கை எல்லாம். கடைசியில் பற்றுச்சீட்டு அடிக்கும்போதுதான் கொமிட்.


வவுனிக்குளம் எழுதியது:

அப்படியானால் நெல் தராசில் இருக்கும் நேரம் முழுவதும் களஞ்சியத்தின் நிரை ஒருவரின் கையில் இருக்கிறது. ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று வாக்குவாதப்பட்டு, திரும்ப அளந்து, சிக்னல் விட்டுப்போய்த் திரும்ப வரும் வரைக்கும். எந்த ட்ரீயும் இதைக் காப்பாற்றாது.

நீங்கள் கண்டது போஸ்ட்கிரெஸ் லொக்கை எங்கே வைக்கிறது என்பதை அப்படியே காட்டுகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கட்டமைப்பு இதுதான்.

நிரை லொக்கை வைக்க இரண்டு வழி. ஒன்று, நினைவகத்தில் ஒரு ஹாஷ் டேபிள். எந்த நிரை, யார் பிடித்திருக்கிறார், யார் வரிசையில் என்று. வரிசை வைப்பதும், ஒருவருக்காக ஒருவர் வளையமாகக் காத்து நிற்பதைக் கண்டுபிடிப்பதும் இலகு. ஆனால் லட்சம் நிரையைப் பிடித்தால் லட்சம் பதிவு. அதனால்தான் எஸ்கியூஎல் சேர்வர், ஒரு கூற்று (ஒரு எஸ்கியூஎல் கட்டளை) ஓர் அட்டவணையில் ஏறத்தாழ 5,000 லொக்கைத் தாண்டினால், நிரை லொக்குகளை விட்டு அட்டவணை முழுவதையும் பிடிக்கப் பார்க்கும். மற்ற வழி, லொக்கை நிரையிலேயே எழுதிவிடுவது. ஒரக்கிளில் அது தரவுப் பக்கத்தின் தலையில் உள்ள ட்ரான்சக்ஷன் பட்டியலோடு சேர்ந்தது. போஸ்ட்கிரெஸில் நிரையின் தலைப்பில் எக்ஸ்மேக்ஸ் என்ற இடத்தில் பிடித்தவரின் ட்ரான்சக்ஷன் இலக்கம். எத்தனை நிரை பிடித்தாலும் நினைவகம் கூடாது. ஆனால் நிரைக்குள் வரிசை வைக்க இடமில்லை. ஆகவே முதலில் வந்து மாட்டியவர் ஹாஷ் டேபிளில் அந்த நிரைக்கு "அடுத்தது நான்" என்று ஓர் இடம் பிடித்துக்கொண்டு, பிடித்திருப்பவரின் ட்ரான்சக்ஷன் முடியும் வரை தூங்குகிறார். நீங்கள் கண்ட ட்ரான்சக்ஷன்ஐடி அவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்த "அடுத்தது" இடத்துக்காகத் தூங்குகிறார்கள். டியூப்பிள் என்று நின்றவை அவர்கள். வன்னியின் கொள்வனவு நிலைய வரிசை அப்படியே உங்கள் திரையில் தெரிந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: பற்றுச்சீட்டுப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் ட்ரான்சக்ஷனைத் தொடங்குங்கள். அளந்து, எண்ணி, எல்லாம் கையில் வந்த பிறகு. இரண்டாவது, இருப்பு நிரையைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு வரவையும் ஒரு புது நிரையாகப் போடுங்கள், இருப்பைக் கூட்டி எடுங்கள். புது நிரை போடுபவர்கள் ஒருவரையொருவர் மறிப்பதில்லை. சும்மா நிற்கும் ட்ரான்சக்ஷனை வெட்டிவிட போஸ்ட்கிரெஸ் 9.6 இலிருந்து ஒரு நேர எல்லை இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

இன்னொரு பாதகமும் அந்த இருப்பு நிரையில் உண்டு. ஒவ்வொரு அப்டேட்டும் ஒரு புதுப் பதிப்பு. எங்கேயோ ஒரு நீண்ட ட்ரான்சக்ஷன் திறந்திருக்கும் வரை பழைய பதிப்புகளைத் துப்புரவாக்க முடியாது. ஒரே நிரைக்கு நூற்றுக்கணக்கான செத்த பதிப்புகள், தேடுபவர் ஒவ்வொன்றாகக் கடந்து போக வேண்டும்.


ஒட்டுசுட்டான் எழுதியது:

மைஎஸ்கியூஎல்லில் வேலை செய்பவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். அதன் சேமிப்புப் பகுதியான இனோடிபி நடுவழி. லொக் ஹாஷ் டேபிளில்தான், ஆனால் நிரைக்கு ஒரு பதிவு அல்ல. ஒரு ட்ரான்சக்ஷனுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு பதிவு, அதற்குள் நிரைக்கு ஒரு பிட். ஒரே பக்கத்தில் நூறு நிரை பிடித்தாலும் செலவு சொற்பம், அதனால் அட்டவணை லொக்காக மாற்றும் தேவையும் இல்லை. அந்த ஹாஷ் டேபிள் முழுவதற்கும் நெடுங்காலம் ஒரே மியூடெக்ஸ்தான் இருந்தது, 8.0.21 இல் பிரித்தார்கள். பழைய பதிப்புகளும் அட்டவணைக்குள் குவிவதில்லை, மாற்ற முன் இருந்ததை வைக்கும் அன்டூ பகுதிக்குப் போகின்றன. புதியதிலிருந்து பழையதை நோக்கிச் சங்கிலி, ஆகவே புதியதை வாசிப்பவருக்கு நடை குறைவு. நீண்ட அறிக்கை எடுப்பவருக்குத்தான் நடை கூட.

ஆனால் ஓர் இடத்தில் அடிக்கடி விழுவார்கள். இல்லாத நிரையை ஃபொர் அப்டேட் போட்டுத் தேடினால், இயல்பான ரிப்பீட்டபிள் ரீட் மட்டத்தில் (ஒரு ட்ரான்சக்ஷனை மற்றதிடமிருந்து எவ்வளவு பிரித்து வைப்பது என்ற மட்டங்களில் ஒன்று), அந்தச் சாவி இருக்க வேண்டிய இடைவெளியை இனோடிபி பிடித்துக்கொள்ளும். இடைவெளி லொக்குகள் ஒன்றோடொன்று மோதாது, இரண்டு பேர் ஒரே இடைவெளியை வைத்திருக்கலாம். பிறகு இருவரும் அங்கே புது நிரை போட வரும்போது ஒருவரை ஒருவர் மறித்து டெட்லொக். பருவத்தின் முதல் நாளில், இன்னும் பதிவில்லாத விவசாயிகளைச் சேர்க்கும்போது இது நன்றாகத் தெரியும்.


பரந்தன்_சந்தி எழுதியது:

இப்போது ஓரளவு வெளிச்சமாகிவிட்டது, நன்றி. இருப்பு நிரையை விட்டுவிடலாம். இன்னொரு கட்டுப்பாடு மிச்சம். ஒரு விவசாயியிடம் ஏக்கர்க் கணக்குப்படி ஒரு வரம்புக்குள்தான் எடுக்கலாம். ஒரே புத்தகத்தில் தகப்பன் ஒரு நிலையத்திலும் மகன் வேறொரு நிலையத்திலும் நெல் போடுவது வழக்கம். புது நிரை மட்டும் போட்டுக்கொண்டு போனால் இது பிடிபடுமா?


கனகராயன்_ஆறு எழுதியது:

பிடிபடாது. எண் வைத்துப் பார்ப்போம். வரம்பு 4,000 கிலோ, இதுவரை கொடுத்தது 3,000. தகப்பன் 800 கொண்டுவருகிறார், மகனும் 800. இரண்டு நிலையமும் ஒரே கணத்தில் கூட்டிப் பார்க்கின்றன, இரண்டுக்கும் தெரிவது 3,000. 3,800 வரம்புக்குள்தான் என்று இருவரும் போடுகிறார்கள். முடிவில் 4,600. ஒருவர் எழுதிய நிரையை மற்றவர் தொடவே இல்லை என்பதால் நிரை லொக்கில் மோதல் இல்லை. ஒரு கணத்தில் இருந்த தரவை மட்டும் படம் பிடித்ததுபோல் பார்க்கும் ஸ்னாப்ஷொட் முறையில் இந்த ஓட்டை இருக்கிறது என்பதை 1995 ஆம் ஆண்டு பெரென்சனும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை தெளிவாகக் காட்டியது.

அடைக்க இரண்டு பாரம்பரியம் உண்டு, இரண்டும் இன்டெக்ஸின் மேல் சவாரி செய்பவை. ஒன்று, சாவியையும் அதற்கு முந்திய இடைவெளியையும் சேர்த்துப் பிடிப்பது. இதை ஒழுங்காக வகுத்தவர்களில் முன்னோடி சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம்மில் வேலை செய்தவர். 1990 இல் சாவி மதிப்பு லொக் முறையை எழுதினார், கோளாறுக்குப் பின் தரவை மீட்கும் ஏரீஸ் முறையும் அவர் குழுவின் வேலைதான். இனோடிபி இந்த வழியில் வருகிறது. இல்லாத நிரையைப் பிடிக்க இன்டெக்ஸின் வரிசை வேண்டும். வெறும் ஹாஷ் இன்டெக்ஸில் "பக்கத்துச் சாவி" என்ற ஒன்றே இல்லாததால் இது நடக்காது. கட்டமைப்பைத் தெரிவு செய்யும்போது பலர் தவறவிடும் வேறுபாடு இது.

மற்றது, யாரையும் மறிக்காமல், யார் எதை வாசித்தார் என்று குறித்து வைத்துக்கொண்டு, ஆபத்தான பின்னல் தெரிந்தால் ஒருவரைத் திருப்பி அனுப்புவது. கேஹில், ரோம், ஃபெக்கெட் மூவரும் 2008 இல் சொன்னது. போஸ்ட்கிரெஸ் 2011 இல் 9.1 பதிப்பில், ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போன்ற முடிவைத் தரும் சீரியலைஸபிள் மட்டமாகக் கொண்டுவந்தது. குறிப்புகள் நிரைக்கு, கூடினால் பக்கத்துக்கு, இன்னும் கூடினால் அட்டவணைக்கு. உங்கள் கூட்டல் இன்டெக்ஸ் வழியாகப் போகாமல் அட்டவணை முழுவதையும் வாசித்தால், முழு அட்டவணைக்கும் குறிப்பு விழுந்து, சம்பந்தமில்லாத விவசாயிகளும் திருப்பி அனுப்பப்படுவார்கள். ஆகவே விவசாயி இலக்கத்துக்கு இன்டெக்ஸ் அவசியம்.


முறிகண்டி எழுதியது:

ஐயாவின் விளக்கத்துக்குப் பிறகு, தங்கச்சியின் இடத்தில் ட்ரீயை மாற்றத் தேவையில்லை என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். புது நிரை மட்டுமே போட்டால் இலக்கம் ஏறுவரிசை. எல்லா எழுத்தும் இன்டெக்ஸின் வலது ஓர இலையில்தான் விழும். நிரை லொக்கைக் குறைத்து, லாட்ச் நெரிசலை வாங்கிக்கொள்கிறோம் அல்லவா?


வவுனிக்குளம் எழுதியது:

வாங்கிக்கொள்கிறோம், ஆனால் அளவைப் பாருங்கள். மனிதர் மூட்டை தூக்கித் தராசில் வைக்கிற வேகத்தில் அந்த இலையின் லாட்ச் எந்த நேரமும் காலியாகத்தான் இருக்கும். செக்கனுக்குப் பல ஆயிரம் எழுத்து வரும் இடத்தில் உங்கள் கேள்வி முழுக்கச் சரி. அங்கே எல்டபிள்யூலொக்கில் பக்கத்தின் பெயரோடு வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸ் 11 இலிருந்து ஏறுவரிசை எழுத்துக்கு வலது ஓர இலையை நினைவில் வைத்து, வேரிலிருந்து இறங்குவதைத் தவிர்க்கிறது. இலை லாட்சை அது நீக்காது. எஸ்கியூஎல் சேர்வர் 2019 இல் இதற்கென்றே ஒரு அமைப்பைக் கொண்டுவந்தது. வரிசையில்லாமல் தாறுமாறாக உருவாகும் யூயூஐடி என்ற நீண்ட இலக்கத்தைச் சாவியாக்கினால் நெரிசல் பரவும், ஆனால் இன்டெக்ஸ் முழுவதும் நினைவகத்தில் சூடாக இருக்க வேண்டிவரும். எங்கள் அளவு சேர்வருக்கு அது வீண் செலவு.

மல்லாவித் தம்பிக்கு: டப்லெட்டில் சிக்னல் இல்லாதபோது பதிந்து வைக்க எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் போதும். அதன் வால் (WAL) முறையில், அதாவது மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும் முறையில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம், வாசிப்பவர்களை அது மறிக்காது. ஒரு டப்லெட்டுக்கு ஒரு எழுத்தர்தானே.


பரந்தன்_சந்தி எழுதியது:

ட்ரான்சக்ஷனைப் பொத்தானுக்குப் பின்னால் நகர்த்தி, வரவைப் புது நிரையாகப் போட்டுவிட்டோம். நெரிசல் நேரத்திலும் டியூப்பிள் காத்திருப்பு இப்போது தெரியவில்லை. தராசடியில் நிற்கும் அண்ணன்மாரே போன் எடுத்துச் சொன்னார்கள்.

வரம்புக்கு, சீரியலைஸபிள் போட்டுத் திரும்ப முயலும் கோடை டப்லெட் பக்கம் எழுத நேரமில்லை. அதனால் விவசாயியின் நிரையை ஃபொர் அப்டேட் போட்டுப் பிடித்து, பிறகு கூட்டி, பிறகு வரவைப் போடலாம் என்று நினைக்கிறோம். வேறு வேறு விவசாயிகள் மோத மாட்டார்கள்தானே? இரண்டையும் ஒரே கூற்றில் எழுதிவிடலாமா?


கனகராயன்_ஆறு எழுதியது:

மோத மாட்டார்கள், நல்ல வழி. ஆனால் ஒரே கூற்றில் எழுத வேண்டாம். ரீட் கொமிட்டட் மட்டத்தில் ஒவ்வொரு கூற்றும் தொடங்கும்போது ஸ்னாப்ஷொட் எடுக்கப்படுகிறது. பிடிப்பதும் கூட்டுவதும் ஒரே கூற்றில் இருந்தால், தகப்பன் கொமிட் ஆகும் வரை மகன் காத்திருந்துவிட்டு, காத்திருக்க முன் எடுத்த பழைய ஸ்னாப்ஷொட்டில் கூட்டுவார். 3,000 தான் தெரியும். பிடிப்பதை ஒரு கூற்றாக, கூட்டுவதை அடுத்த கூற்றாக எழுதினால் 3,800 தெரியும், மறிக்கலாம்.

இதே காரணத்தால் அந்த ட்ரான்சக்ஷனை ரிப்பீட்டபிள் ரீடுக்கு உயர்த்தவும் வேண்டாம். அங்கே முதல் கூற்றின் ஸ்னாப்ஷொட் கடைசி வரை நிற்கும். விவசாயியின் நிரையைத் தகப்பன் பிடித்தாரே தவிர மாற்றவில்லை, ஆகவே மகனுக்குப் பிழைச் செய்தியும் வராது, பழைய கூட்டலோடு சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவார். அந்த மட்டம்தான் வேண்டும் என்றால், விவசாயியின் நிரையில் ஒரு எண்ணைக் கூட்டி உண்மையிலேயே அப்டேட் செய்யுங்கள். அப்போது மகனுக்குப் பிழை வரும், எழுத்தர் திரும்பப் பொத்தானை அழுத்தினால் சரியான கூட்டலோடு ஓடும்.